கரடி துரத்திய எழுத்தாளர்

ஒரு நாவலைப் படிக்காமலேயே அதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும். நான் பேசியிருக்கிறேன். கைதட்டல்கூட வந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் கதை.

அப்போது போளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஜவ்வாது மலையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். (லீவு முடிந்து திரும்பினால் "தேன் எடுத்துக்கினு வந்தியா?" என்பார்களே தவிர, "இன்னா படிச்ச?" என்று ஒருவரும் கேட்டதில்லை.) ஆளுக்கொரு எழுத்தாளரை ஆய்வு செய்து வகுப்பில் பேச வேண்டும் என்றார் எங்கள் தமிழ் ஐயா. மலை வாழ்க்கையை நாவலாக எழுதிய ஒருவரை என் தலையில் கட்டினார். எங்கள் ஊர்க் கதை எனக்கு அத்துப்படியாக இருக்குமாம். அந்த எழுத்தாளரின் 'கள அனுபவம்' பற்றித்தான் ஐயா முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். எழுத்தாளரின் பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கு நான் ஏற்கெனவே செய்தது போதும்.

நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. அட்டை போய், பைண்டிங் போட்டு, நானூற்றுச் சொச்சம் பக்கம். ஆறாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். மறுநாளும் அதே ஆறாம் பக்கம். (அதில் ஒரு சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது.) சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போய், இப்படி மலையைப் பற்றி எழுதுகிறவர் ஒருவரைத் தெரியுமா என்று நைனாவிடம் கேட்டேன்.

சாமை காயவைத்துக்கொண்டிருந்த நைனா நிமிரக்கூட இல்லை. "அவரா? நம்ம வூட்லதான் இருபது நாள் தங்குனாரு. எப்பப் பாத்தாலும் நோட்டுல எழுதிக்கினே இருப்பாரு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சாமைச் சோறு ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் ஓடைப் பக்கமே குடியிருந்தது. கரடி துரத்தி, வேட்டியைக் கீழே விட்டுவிட்டுப் பலாமரத்தில் ஏறியது. பக்கத்து ஊரில் பெண் கேட்கப் போய், அவளுடைய அண்ணன்மார் விறகுக் கட்டையோடு வழியனுப்பியது. ஒரு போட்டோகூடக் கிடைத்தது. காளையின் முதுகில் கை வைத்து மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு இத்தனை வருட ஆராய்ச்சியில் கிடைக்காதது எனக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பேசும் நாளில் கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மார்க் போட வெளியிலிருந்து யாரோ வந்திருக்கிறார் என்று முடிவு செய்து, அவரைப் பார்த்தே பேசினேன். நாவலில் ஓடும் துயரத்துக்கு வேர், அந்த மூன்று நாள் வயிற்றுப்போக்கு. இருளின் வருணனைகளுக்குக் கரடி பொறுப்பு. (அப்படி வருணனை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். நானூறு பக்கத்தில் ஒரு தடவையாவது இருட்டாமலா போகும்.) நிறைவேறாத காதலே காளையின் மீது பரிவாக மாறியது என்று முடித்து, போட்டோவைத் திரையில் காட்டினேன். கைதட்டினார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

ஐயா மட்டும் கைதட்டவில்லை. செருமிக்கொண்டு எழுந்தார். மாணவர்களுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நாவலாசிரியரையே அழைத்து வந்திருப்பதாகச் சொல்லி, கடைசி பெஞ்சைக் காட்டினார்.

ஓடிவிடலாம் என்றால் அறைக்கு ஒரே கதவு. அதுவும் கடைசி பெஞ்சின் பக்கத்தில்.

பெரியவர் மெதுவாக நடந்துவந்து என் அருகில் நின்றார். "நல்லாப் பேசுன பாப்பா. கொஞ்ச நேரம் நானே நம்பிட்டேன். ஆனா அந்தக் கரடி தொரத்துனது என்னைய இல்ல. இன்னி வரைக்கும் நான் ஜவ்வாது மலை ஏறுனதே இல்ல."

பஸ் வளைந்து வளைந்து ஏறினால் அவருக்கு வாந்தி வருமாம். போளூரில் வேலை பார்த்தபோது ஆபீஸ் ஜன்னலில் மலை தெரியுமாம். கீழே இறங்கி வருகிறவர்களிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு, மீதியை ஜன்னலைப் பார்த்தே எழுதினாராம்.

நான் ஐயாவைப் பார்த்தேன். முனைவர் பட்டம் அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

என்னை ஃபெயில் ஆக்கவும் அவரால் முடியவில்லை. கள ஆய்வு சரியில்லை என்று எந்த வாயால் சொல்வார்? பெரியவரே தண்டனை விதித்தார். நாவலை முழுக்கப் படித்து, மலையைப் பற்றித் தப்பாக இருப்பதையெல்லாம் எழுதித் தர வேண்டும். பதினொரு பக்கம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆறாம் பக்கத்தைத் தாண்டிவிட்டால் அது நல்ல நாவல்.

போட்டோவில் இருந்தவர் மாடுகளுக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர். எந்த மாட்டுக்குப் போட்டாயிற்று என்று நோட்டில் குறித்திருக்கிறார், அவ்வளவுதான். நைனாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை. "எழுதுறவருன்னுதான கேட்ட? அவரும் எழுதுனாரு" என்றார். பெரியவர் மலையேறாத கதையைக் கேட்டதும்தான் நைனா சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'எழுத்தாளர்' என்பது வசவுச் சொல். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பட்டம் உண்டு. போன மாதம் என் தம்பிக்கு வரன் கொண்டுவந்த தரகர், பெண்ணின் அழகையும் குணத்தையும் அடுக்கிக்கொண்டே போனார். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ண நேர்ல பாத்தீங்களா, இல்ல நீங்களும் எழுத்தாளரா?" என்றார்.

தரகர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"கவிதை மட்டுந்தாங்க. எப்பனா ஒரு தடவ."