நாலாவது நட்டு

மூன்று நட்டுகள் பேசாமல் கழன்று வந்துவிட்டன. நான்காவது மட்டும் வேலுமணியிடம் மசியவில்லை. அது லாக் நட்டு. சக்கரத் திருட்டுக்குப் பயந்து அவரே மாட்டியது. கழற்றுவதற்குத் தனிச் சாவி உண்டு. அந்தச் சாவியைக் காரில் எங்கு தேடியும் காணோம்.

புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால், சோளக்காட்டை ஒட்டி, ஒரு டயரில் காற்று இறங்கிக் கார் சாய்ந்து நின்றது. கோழி லாரிகள் கடக்கும்போதெல்லாம் வெள்ளை இறகுகள் எழுந்து, இறங்கும் எண்ணமே இல்லாமல் வெயிலில் மிதந்தன. பின்சீட்டில் மகள் தமிழினி, தலையணையைக் கட்டிக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அவளை நாமக்கல்லில் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்தாக வேண்டும். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

ஹாஸ்டல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி வசந்தாமணி. மகளை அனுப்ப வேலுமணிக்கு மனமில்லை. அதை மனைவியிடம் சொல்லத் தைரியமும் இல்லை.

"ஏனுங்க, பாத்துட்டே நின்னா ஆச்சுங்களா? சுத்தியல்ல ரெண்டு போடு போடுங்க" என்றாள்.

போட்டார். நட்டின் விளிம்பு மழுங்கி உருண்டையானது.

எதிரில் பஞ்சர் கடை வைத்திருந்த மணியன் வந்து பார்த்தார். பழைய பாக்ஸ் ஸ்பேனரை நட்டின் மேல் அடித்து இறக்கித் திருகலாம், ஆனால் பதமாக அடிக்க வேண்டும் என்றார். ஓங்கியே அடிக்கச் சொன்னாள் வசந்தாமணி. ஸ்பேனர் நட்டோடு இறுகிக்கொண்டது. இப்போது இரண்டையும் கழற்ற வேண்டியிருந்தது.

வெல்டிங் வைக்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஆள் வந்து, ஸ்பேனரோடு ஒரு கம்பியைப் பற்றவைத்தார். டயர் லேசாகப் புகைந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதற்கு ஊற்றினார்கள். மூன்று பேர் கம்பியில் தொங்கியதில் கம்பி, ஸ்பேனர், நட்டு, உள்ளிருந்த போல்ட்டு எல்லாம் ஒன்றாக முறிந்து வந்தன. ஒருவழியாகச் சக்கரமும் வந்தது.

அதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. ஹாஸ்டலில் இருந்து போன் வந்தது. இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

ஹாஸ்டலுக்குக் கட்டிய முறுக்கு டப்பாவைத் தமிழினி திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். கொல்லிமலை தூரத்தில் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. சோளத்தட்டுகள் தூக்கத்தில் முனகுவதுபோல் உரசிக்கொண்டன. வரப்பில் தனியாகப் போய் நின்ற வசந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டார் வேலுமணி.

மணியன் அந்தச் சக்கரத்தில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"இதுல பஞ்சரே இல்லீங்க. ஆரோ காத்தை எறக்கி உட்டிருக்காங்க. காத்து மட்டும் அடிச்சிருந்தா நீங்க அப்பவே போயிருக்கலாமுங்க."

வேலுமணி மெதுவாக மகளைத் திரும்பிப் பார்த்தார். கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இறகுபோல மேலே போனது. பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏஞ் சாமி, நீதானா?"

தமிழினி வரப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்தாள்.

"நானில்லீங்கப்பா. டீக் குடிக்க நிறுத்துனப்ப ஊக்கால வால்வை அமுத்திக் காத்தை எறக்குனதும், அந்தச் சாவியை வாய்க்கால்ல வீசுனதும் அம்மாதானுங்க."