பல் டாக்டர் சம்பந்திக்குப் போன சுறாச் சட்டை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாகப் பேசாதவர் எடுத்த எடுப்பில், "சம்பந்தி, என் மனசைப் புரிஞ்சுக்கிட்டு அனுப்பியிருக்கீங்களே!" என்றதும் எனக்கு ஒன்றும் ஓடாமல், "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த "ஆமா" பொய். முப்பத்தாறு வருடம் தபால் பிரிக்கும் கூடத்தில் நின்றவன் நான். என் பேருக்கு வராத எதையும் வாங்கிக்கொண்டதில்லை. உங்கள் நன்றியும் என் பேருக்கு வந்ததல்ல. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், முழுக்கப் படித்த பிறகு வரட்டும்.

முதலில் பழைய கதை. மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பதினான்கு பேர் முன்னால், "சம்பந்தி, அந்தக் கீழ்ப்பல் ஆடுது. நீங்க பேசுறப்போ எனக்கு இங்க கேக்குது. வந்து எடுத்துக்குங்க" என்றீர்கள். நீங்கள் பல் டாக்டர், உங்களுக்கு உலகமே ஒரு வாயாகத் தெரியலாம். அதற்காகச் சாப்பிடுகிறவன் வாய்க்குள்ளா பார்ப்பது? "என் பல்லு, என் இஷ்டம்" என்றேன். "விழுந்தா என்கிட்டதான் வரணும்" என்றீர்கள். அன்றோடு பேச்சு நின்றது. அந்தப் பல் இன்றைக்கும் கல் மாதிரி நிற்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்படியே காலத்தைத் தள்ளியிருப்பேன். போன மாதம் மகள் வந்து, "அப்பா, நாங்க புது வீட்டுக்குப் போறோம். நீங்களும் என் மாமனாரும் பேசிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த வாசப்படி ஏறக் கூடாது. ஒருத்தர் வர்றப்போ இன்னொருத்தரை ஒளிச்சு வைக்க என்னால முடியல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பெட்டி கட்ட வெளியாட்களைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. கயிறு கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கூப்பிடவில்லை. அப்போதுதான் அவள் விளையாடவில்லை என்று தெரிந்தது. நானாக வந்து பேசுவது நடக்காத காரியம். ஒரு பொருளை அனுப்புவோம், அது போய்ப் பேசட்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் கிளினிக் ஏசியில் நீங்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதாக மகள் சொன்னதுண்டு. ஆகவே தலைமூடி வைத்த ஒரு கறுப்பு ஜாக்கெட், எழுத்தும் படமும் இல்லாத கௌரவமான ஜாக்கெட்.

அதற்கு மாப்பிள்ளையின் அட்டவணைக்குப் போனேன். ஷீட் என்கிறார்கள். உங்கள் மகன் செய்வது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இளவட்டங்கள் தெருவில் போட்டுத் திரிகிற தொளதொள சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் கடை விலையில் கால்வாசிக்குக் கிடைப்பதை ஒவ்வொன்றாகத் தேடி, ஆயிரத்து நூறு வரியில் எழுதி வைத்திருக்கிறார். பொருளின் பெயர், விலை, எடை, "இந்த ஆள் சின்னதாகத் தைப்பவர், இரண்டு சைஸ் கூட்டி வாங்கவும்" என்பது போன்ற குறிப்பு, கடைசியில் விற்பவரின் பக்கத்துக்குப் போகிற லிங்க். சிநேகிதர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நல்ல உழைப்பு. ஆனால் அடுக்கு என்பது மருந்துக்கும் இல்லை. ஷூவுக்குக் கீழே தொப்பி, தொப்பிக்குக் கீழே பை, மறுபடி ஷூ. என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடும்பத்தார் என்று எனக்குத் திருத்துகிற உரிமையும் கொடுத்திருந்தார். கணினியை நானாகவே கற்றவன், யாரிடமும் போய் நின்றதில்லை. பெயர்கள் மேலிருந்து கீழாக நிற்கிற வரிசையை மட்டும் பிடித்து, அகரவரிசை என்று அமுக்கினேன். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடுக்கவா என்று கேட்டது. கேட்காத வேலையைச் செய்ய வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரத்து நூறு பெயரும் வரிசையில் நின்றன. எங்கள் கூடத்தில் இதற்கு நான்கு பேர் அரை நாள் நிற்க வேண்டும்.

பிறகு "கறுப்பு ஜாக்கெட், படம் இல்லாதது" என்ற வரியைப் பிடித்து லிங்கை அமுக்கினேன். வந்த பக்கம் புரியாத பாஷை. படம் வராமல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அட்டவணை சொன்ன பிறகு படம் எதற்கு? உங்கள் முகவரியைப் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பதினெட்டாம் நாள் மாப்பிள்ளை மகளோடு வந்து நின்றார்.

"மாமா, ஷீட்டைத் தொட்டீங்களா?"

"தொடல. அடுக்கினேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஜிம் மாஸ்டர் ஒருவர் ஷூவுக்குச் சொல்லி, அவருக்கு ஆறு ஜோடி குழந்தைக் காலுறை வந்திருக்கிறது. மகள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: "அப்பா, லிங்க்ங்கிற வீடெல்லாம் அங்கங்கயே இருக்கு. நீங்க குடியிருக்கிறவங்களை மட்டும் பேர் வரிசைப்படி வீடு மாத்திட்டீங்க." மாப்பிள்ளை ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிப் பழையபடி ஆக்கிவிட்டார். அப்படியானால் உங்களுக்கு என்ன போயிருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். சுறா முகச் சட்டை. ஜிப்பை நெற்றி வரைக்கும் இழுத்தால் முகம் மூடிக்கொள்ளும், மூடின முகமெல்லாம் பல், இரண்டு வரிசை.

"ரெண்டு வருஷம் யோசிச்சு, பல் டாக்டருக்கு இதைத்தான் அனுப்பத் தோணுச்சா?" என்றாள் என் மனைவி. மகள் சிரிக்கவில்லை. "பதிலுக்குப் பதில்னு நெனைச்சுக்குவாரு. முடிஞ்சுது" என்று எழுந்து போய்விட்டாள். பார்சல் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் போன் காட்டியது. இரண்டு நாள் நான் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அடித்தால் எடுக்கவும் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அடித்தது. நீங்கள். மூன்று தடவை வந்தும் வாயைத் திறக்காத ஒரு பெண் குழந்தை, நீங்கள் அந்தச் சட்டையோடு குனிந்ததும், உன் பல்லா என் பல்லா என்று காட்டுகிற மாதிரி முழுசாக வாயைத் திறந்ததாகவும், "இத்தன பொம்மை வாங்கினோமே டாக்டர், ஒரு சட்டையில முடிஞ்சிருச்சே" என்று நர்ஸம்மா சொன்னதாகவும் சொன்னீர்கள். போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பத்தாவது நிமிடம் மகள் கூப்பிட்டாள்: "ஞாயித்துக்கிழமை நீங்களும் என் மாமனாரும் வாங்கப்பா. பரண்ல பெட்டி ஏத்தணும், கயிறு கொண்டு வாங்க." இந்த இரண்டு வருடத்தில் நேற்றுத்தான் படுத்ததும் தூங்கினேன்.

ஆகவே, சட்டை என் தேர்வு அல்ல, நன்றியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் அடுக்கில் பிழை இல்லை. பெயர்கள் சரியாகத்தான் நின்றன. லிங்குகள்தான் கூட வரவில்லை. பல் விஷயத்திலும் என் நிலையில் மாற்றமில்லை.

நீங்களும் வீட்டாரும் நீண்ட ஆயுளோடும், இருக்கிற எல்லாப் பற்களோடும் நன்றாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உறுதியான பல்லுள்ள உங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். உறைமேல் எழுதுகிறவர்களை முப்பத்தாறு வருடம் திட்டியவன், வேறு வழியில்லை. ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டும்போது பசையில் உதடு ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். அந்தக் கீழ்ப்பல் கழன்று உறைக்குள் போய்விட்டது. இந்த உறைக்குள் கடகடவென்று கேட்பது அதுதான். பல்லைப் பற்றி உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமல் விடவும். வியாழக்கிழமை காலை கிளினிக்குக்கு வருகிறேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே இருங்கள். அந்தக் குழந்தையைவிட எனக்குப் பயம் அதிகம்.