கோட்டுக்கு வெளியே ஓர் ஆட்டக்காரர்

விளையாட்டு மைதானத்தில் மூன்று இனத்து மனிதர்களைப் பார்க்கலாம். ஆடுகிறவர்கள் ஓர் இனம். பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். ஆடவும் மாட்டாமல், சும்மா பார்க்கவும் மாட்டாமல், கோட்டோரத்தில் நின்று மற்றவர்களை ஆட்டிவைக்கிறவர்கள் மூன்றாவது இனம். இவர்களைத் தேடி நீங்கள் மைதானத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கேரம் பலகைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். லாரியைப் பின்னால் எடுக்கும்போது 'வரட்டும், வரட்டும்' என்று கை காட்டிவிட்டு, சுவர் இடிந்ததும் காணாமல் போவார்கள். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பருகே நின்று, கரண்டியைத் தொடாமலே உப்பின் அளவு சொல்வார்கள். சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

எங்களுக்கு வாய்த்தவர் ராஜரத்தினம் அண்ணாச்சி.

எங்களுக்கு என்றால், ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் ரக்பி அணிக்கு. சிரிக்க வேண்டாம். மம்சாபுரத்து ஐயாதுரை, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரக்பி ஆடியவர். ஓய்வு பெற்று எங்கள் மில்லில் காவல் பொறுப்புக்கு வந்தபோது, டிரங்குப் பெட்டியில் கொஞ்சம் ரம்மும் கோழிமுட்டை வடிவத்தில் ஒரு பந்தும் கொண்டுவந்தார். ரம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பந்து தீரவில்லை. அதை வைத்துக்கொண்டு ஸ்பின்னிங்கில் நான்கு பேர், குடோனில் மூன்று பேர், ஆபீசில் என்னைப் போல் கால் மரத்துப்போனவர்கள் சிலர் என்று பிடித்து, மில்லுக்குப் பின்னால் கிடந்த பொட்டலில் ஞாயிறுதோறும் எங்களை உருட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பொட்டலுக்கும் ஆபத்து வந்தது. அதில் பஞ்சு குடோன் கட்டவேண்டும் என்று முதலாளி வீட்டில் பேச்சு. மேனேஜர் நல்ல மனுஷர். எங்களைக் கூப்பிட்டு, "மதுரையில பத்துப் பேர் போட்டி நடக்கப்போகுது. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வாங்க, நான் முதலாளிகிட்டப் பேசுறேன். இல்லைன்னா செங்கல் இறங்கிரும், என்னைக் குறை சொல்லாதீங்க" என்றார்.

முழு ரக்பிக்குப் பக்கத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். இது பத்துப் பேரோடு சட்டென்று முடிகிற ஆட்டம். பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் பக்கத்திலோ பின்னாலோ இருப்பவனுக்குத்தான் வீச வேண்டும், முன்னால் வீசக் கூடாது. ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம். சட்டம் அவ்வளவுதான். இதைக் கற்க எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. ராஜரத்தினம் அண்ணாச்சிக்கு, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் நேரம் ஆனது.

அண்ணாச்சிக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். ராஜபாளையத்தில் மில் இயந்திரங்களுக்கு பெல்ட்டும் பேரிங்கும் விற்கும் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்ட் கொடுக்க வந்தவர், பொட்டலோரம் செத்த நேரம் நின்றார். "இது என்ன ஆட்டம்?" என்று கேட்டார். ஹவில்தார் சொன்னார். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி மைதானத்தைப் பார்த்துக் கத்தினார்:

"ஏலே, பின்னால வீசுலே. எம்புட்டுத் தடவ சொல்லுறது?"

அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு சொந்த விசிலோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு தொப்பி. பிறகு ஒரு மடக்கு நாற்காலியும் வந்தது. ஆனால் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. எடை குறைந்தால்தான் ஓட முடியும் என்று ஒரு வாரம் எங்கள் பரோட்டாவை நிறுத்தினார். எடை இருந்தால்தான் இடிக்க முடியும் என்று மறு வாரம் அவரே பால்கோவா வாங்கி வந்தார். சின்னக்கருப்பன் இடதுபக்கம் ஓடினால் வலதுபக்கம் ஓடியிருக்க வேண்டும். வலதுபக்கம் ஓடினால்? அதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை? பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்துவிட்டால் மட்டும், ஒதுங்கி நின்று, யாராவது வந்து எடுக்கும்வரை அதை முறைத்துக்கொண்டிருப்பார்.

"தொடுறது உங்க வேலை. யோசிக்கிறது என் வேலை" என்பார்.

போட்டியில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் பனியன் இனாம் என்று அவர் காதில் விழுந்தது. "என் பேரையும் மாத்து ஆளாக் கொடுத்துருங்க ஹவில்தார். சும்மா ஒரு கணக்குக்கு" என்றார். ஹவில்தார் கொடுத்துவிட்டார். பனியன் வந்தது. அண்ணாச்சி வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார். கூடவே அவர் மனைவி கிருபாபாய் டீச்சரும் வந்தார்கள், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மதுரையில் தங்கை வீட்டுக்குப் போகலாமென்று.

மதுரையில் முதல் இரண்டு ஆட்டங்களில் நாங்கள் எப்படித் தோற்றோம் என்பதை அண்ணாச்சி இன்றும் விளக்கத் தயாராக இருக்கிறார். நான் தயாராக இல்லை. அதில் எங்கள் மற்ற மாற்று ஆட்கள் இருவரும் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பையன்களோடு. எப்படியோ நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது பால்ச்சாமியின் கணுக்கால் பிசகியது.

ஹவில்தார் கோட்டோரம் திரும்பிப் பார்த்தார். அங்கே பனியன் போட்டு, அடிபடாமல் நின்றவர் ஒருவர்தான்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க."

"யாரு, நானா? ஹவில்தார், எனக்கு சுகர் இருக்கு. வேட்டி கட்டியிருக்கேன். அதோட நான் உள்ள வந்துட்டா வெளிய யாரு பார்க்குறது?"

"வெளிய நான் பார்க்குதேன்" என்றார்கள் கிருபாபாய் டீச்சர். "ஒரு வருசமா அடுப்படியில வந்து எனக்குச் சொன்னதையெல்லாம் உள்ள போய் அவங்களுக்குச் செஞ்சு காட்டுங்க. போங்க."

பால்ச்சாமி கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு துண்டைக் கட்டிக்கொண்டான். அண்ணாச்சி உள்ளே வந்தார். பந்தே வராத இடமாகப் பார்த்து இடது ஓரத்தில் நிறுத்தினோம். பந்துக்கு அது தெரியவில்லை. நேராக அவர் நெஞ்சுக்கு வந்தது, அவரும் பிடித்துவிட்டார். பிடித்ததில் எங்களைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி. இடதுபுறம், இரண்டடி பின்னால், சின்னக்கருப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வலதுபுறம் நான் பின்னாலிருந்து "அண்ணாச்சி, இங்க, இங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன்னால், தெரியாமல் போய் நின்றுகொண்டிருந்தான் முத்துவீரன். அண்ணாச்சி எங்கள் மூவரையும் பார்த்தார். லாரியில் மூட்டை எறிவதுபோல இரு கையாலும் பந்தை முன்னால் வீசினார்.

விசில்.

பந்து கல்லூரிப் பையன்களுக்குப் போனது. அவர்களில் நெட்டையனாக ஒருவன், எங்கள் சுவரில் எந்தக் கல் ஆடுகிறது என்று பார்த்து வைத்திருந்தான். பந்தை இடுக்கிக்கொண்டு நேரே அண்ணாச்சியை நோக்கி வந்தான். ஒதுங்க இரண்டடி போதும், கோடு பக்கத்திலேயே இருந்தது. அண்ணாச்சி அந்தக் கோட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவ்வளவுதான், பொட்டல் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் ஒதுங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். இருவரும் மோதிய சத்தம் பஞ்சுப் பொதி விழுந்தது போல இருந்தது. நெட்டையன் ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். முத்துவீரன் ஓடிவந்து பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்தான். ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டோம்.

டீச்சர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, "மூச்சு வருதா?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். டீச்சர் முந்தானையால் அவர் முகத்து மண்ணைத் துடைத்தார்கள்.

குடோன் வேறு இடத்துக்குப் போனது. அண்ணாச்சி மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிறு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பொட்டலில் சத்தமே இல்லை. திட்டுவதற்கு ஆளில்லாததால் யாரும் ஓடவும் இல்லை. ஹவில்தாரும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம்.

"அவிய வீட்டுலயும் பேசுறதில்லை" என்றார்கள் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "சாம்பார் கொதிக்கும்போதுகூட பக்கத்துல வந்து நிக்கலை. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணாச்சி விலாவில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"வெளிய நின்னப்ப எல்லாம் தெரிஞ்சுது ஹவில்தார். உள்ள போனா ஒண்ணுமே தெரியல. பின்னால வீசணும்னு தெரியும். ஆனா பின்னால எதுன்னு தெரியல."

"எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி" என்றார் ஹவில்தார். "பதினெட்டு வருசம் ஆடியிருக்கேன். நீங்க நின்னீங்கல்ல? அது போதும். ஞாயித்துக்கிழமை வாங்க."

வந்தார். தொப்பி இல்லை, விசில் இல்லை. கோட்டோரம் அடக்கமாக நின்றார். எனக்கு மனது இளகிவிட்டது. மனிதன் திருந்துவதை நேரில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கால்மணி நேரம் அப்படியே போயிற்று. சின்னக்கருப்பன் பந்தை நழுவவிட்டான்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"நாங்க ஆடுன காலத்துல," என்றார், "இப்படியா பிடிச்சோம்?"

அதன்பின் அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. முன்பு வெறும் யோசனை சொன்னவர், இப்போது அனுபவத்திலிருந்து சொன்னார்.

கடைசியாக, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அண்ணாச்சி கையில் பந்து இருந்தபோது, அதைச் சின்னக்கருப்பனுக்குத்தான் வீசியிருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சட்டென்று தோன்றியதா? என்னிடம் வீசியிருந்தாலும் தேவலை என்று ஒரு கணம் நினைத்தீர்களா? இருக்கலாம். ஆனால் நீங்கள் எந்த அணிக்கு ஆடினீர்கள் என்பதை மட்டும் சொல்லவே இல்லையே?