வேம்புலி தோற்றதன் நியாயம்

பூந்தமல்லி,
தாரண வருஷம், மாசி மாதம்.

திருமழிசை மணவாளன் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, பூந்தமல்லி விறகுத்தொட்டி ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் அக்காள் முத்தம்மாளும், எங்கள் மகன் வேம்புலியும் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கை சாமுண்டீஸ்வரியும், குழந்தை நாகவல்லியும், கறவைகளும் சுகமாயிருக்க வரதராஜப் பெருமாள் அருள வேண்டியது. தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. அதில் சுகம் விசாரிக்கக்கூட இடம் விடாமல், "தினம் வெள்ளைக்காரனிடம் தோற்கிறவனுக்கு என் பெண் கிடையாது, வைகாசிக்கு வேறு இடம் பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்றிலிருந்து தங்கள் அக்காள் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டாள். மூன்று வேளையும் ரசம்தான்.

தாங்கள் கோபத்தில் எழுதியது எனக்குத் தெரியும். ஆகையால் நிதானமாக விளக்குகிறேன். வேம்புலி ஆவடி பட்டாளத்து ஆபீசர் மெஸ்ஸில் ஸ்குவாஷ் மார்க்கர். பட்டணத்துக் கிளப்பில் பந்து பொறுக்கப் போனவன், அங்கேயே தங்கி ஆடிப் பழகி, கிளப்பில் அவனை அசைக்க ஆளில்லை என்று பேர் வாங்கினான். யுத்தம் வந்து ஆவடியில் பட்டாளம் இறங்கியதும் இவன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார்கள். துரைமாருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது, ஜோடி இல்லாத துரையோடு தானே ஆடுவது, புள்ளி எண்ணிச் சொல்வது, ராக்கெட் மட்டைக்கு நரம்பு கட்டுவது, எல்லாம் அவன் உத்தியோகம். செவுத்துல பந்தடிக்கிறதுக்கு சம்பளமான்னு கேட்டு நீங்க சிரிச்சீங்க. குடுக்கறாங்களே மச்சான், என்னா பண்ணச் சொல்ற?

சரி, நீங்கள்லாம் அவன் ஆட்டத்தப் பாக்க வந்த அன்னிக்கு நடந்ததுக்கு வரேன். மெஸ் பட்லர் லோகநாதன் நல்ல மனுசன். பெரிய துரைங்க இல்லாத நேரமாப் பாத்து நம்ம அத்தினி பேரையும் பின்பக்கப் படிக்கட்டுல ஏத்தி மேல கேலரியில நிக்க வெச்சாரு. சத்தம் மட்டும் போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நீ கீழ எட்டிப் பாத்தே. ஜன்னல் இல்லாத ரூம்பு, சுத்தி வெள்ளயடிச்ச செவுரு, வேம்புலியும் ஒரு கேப்டனும் உள்ள போயி கதவ சாத்திக்கினாங்க. உடனே நீ, "அய்யய்யோ, புள்ளய உள்ள போட்டு அடிக்கப் போறான், தொறங்கடா கதவ!"ன்னு கத்துன கத்துல சமையல்கட்டுலருந்து ஆளுங்க கரண்டியோட ஓடியாந்தாங்க. அவங்கள சமாதானம் பண்ணி அனுப்பறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிது. "எதிராளி பக்கத்துலயே கீறான், அவன உட்டுட்டு செவுத்த ஏன்டா அடிக்கற?"ன்னு யோசன சொன்னே. குனிஞ்சி சொன்ன வேகத்துல உன் தலப்பா நழுவி கேப்டன் மூஞ்சி மேலயே உழுந்துச்சி. அவரு கண்ணு தெரியாம செவுத்துல போயி மோதினாரு. லோகநாதன் அப்பவே உக்காந்துட்டாரு. வேம்புலி பதறினானா? தலப்பாவ எடுத்து, மடிச்சி ஓரமா வெச்சிட்டு, "லெட், சார்"ன்னான். எடைஞ்சல் வந்தா அந்தப் புள்ளிய மறுபடி ஆடறதுக்கு அப்டிப் பேரு. பெத்த அப்பன் எனக்கு மாரு நெறஞ்சி போச்சு.

அப்புறம் தோத்தான். ஆமா, தோத்தான்! கேப்டன் அவன் தோளத் தட்டி என்னமோ சொன்னாரு. "தோத்துட்டு தட்டிக்குடுக்கறத வாங்கிக்கினு நிக்கிறான் பாரு, வெக்கங்கெட்டவன்"ன்னு நீ அத்தினி பேரு எதிர்ல சொல்லிட்டு, பொண்டாட்டி பொண்ண வண்டியில ஏத்திகினு, உங்க அக்கா ஆக்கி வெச்ச சோத்தத் தொடாம போயிட்ட. நாயமா மச்சான் இது? எம்மனசு எப்டி இருந்திருக்கும்?

தோக்கறதுதான்யா அவன் தொழிலு! பகலெல்லாம் வெயில்ல சிப்பாய்ங்க மேல கத்திட்டு வர்ற துரை சாயங்காலம் ஆட வராரு. நம்ம பையன் ஆடற ஆட்டத்த முழுசா ஆடினா அவரு ஒரு பந்தத் தொட முடியாது. நாளைக்கு வருவாரா? அதுக்குன்னு சும்மா உட்டுக்குடுத்தா அவருக்குத் தெரிஞ்சி ரோசம் வந்துடும். நல்லா ஓட உட்டு, வேர்க்க உட்டு, கடைசியில மயிரிழையில அவரு ஜெயிக்கணும். அவரே ஜெயிச்சதா நெனைக்கணும். ஏன், நாகவல்லி சின்னதா இருக்கச் சொல்ல அவ கூடப் பல்லாங்குழி ஆடுவியே, ஒருநாளாவது நீ ஜெயிச்சிகீறியா? வேணும்னே தோத்துட்டு, "போச்சே, என் சோழியெல்லாம் போச்சே"ன்னு தலையில அடிச்சிக்குவியே, அப்ப நீ வெக்கங்கெட்டவனா? அன்னிக்கு வேம்புலி தோத்த அழகப் பாத்தியா? ஒரு பந்து அவன் காலுக்கு நடுவுல போச்சு. இன்னொரு பந்து வரச் சொல்ல வேற எங்கியோ பாத்துகினு நின்னான். ஒரு தபா செவுத்துலயே இடிச்சிக்கினான். நடிப்புன்னா அது நடிப்பு! கூத்துக் கட்டறவன்கூட அப்டிச் செய்ய மாட்டான்.

நானும் கேட்டேன். "டேய், மாமன மறுபடி கூட்டியாரேன், ஒரே ஒரு தபா அந்தக் கேப்டன ஜெயிச்சிக் காட்டிடுறா"ன்னேன். தலையக் குனிஞ்சிகினு, "வேணாம் நைனா"ன்னான். தொழில் தர்மம் மச்சான்! ஒரு வெளி மனுசன் மனசு நோவக் கூடாதுன்னு பாக்கற புள்ள, கட்டினவ மனசு நோவ உடுவானா? யோசன பண்ணு.

ஆகையால் தாங்கள் கோபம் தணிந்து, வைகாசியில் நல்ல நாள் பார்த்துச் சொல்ல வேண்டியது. தங்கை சாமுண்டீஸ்வரிக்கு என் அன்பும், குழந்தை நாகவல்லிக்கு அவள் அத்தையின் முத்தங்களும் என் ஆசியும். தலைப்பாவை வெளுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் மறவாத மாமன்,
ஜம்புலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதினத உங்க அக்காவுக்குப் படிச்சிக் காட்டினேன். துன்னுகினு இருந்த வேம்புலிக்குப் பொரயேறிப் போச்சு. "நைனா, அந்த நியாயமெல்லாம் அடிச்சிடு. எப்பவும் வேணும்னேதான் தோப்பேன். அன்னிக்கு அப்டித் தோக்கல, நெசமாவே தோத்துட்டேன்"றான். ஏன்டான்னு உங்க அக்கா அதட்டினப்புறம் சொல்றான்: "வயசுக்கு வந்தப்புறம் நாகவல்லிய நான் பாத்ததேயில்லமா. நிமிந்தேன், மேல நின்னுகினு கீது. அப்புறம் பந்து எங்க வருது, எங்க போவுதுன்னே தெரில." கேப்டன் தோளத் தட்டினது, "ஒடம்பு சரியில்லயா, ஊட்டுக்குப் போறியா"ன்னு கேட்டதாம். அன்னியிலருந்து வர்ற போற துரை எல்லாருகிட்டயும் நெசமாவே தோத்துகினு கீறானாம். நீ சொன்னதுதான் சரி மச்சான். இனிமே எங்கிட்ட ஒரு வாதமும் இல்ல. உங்க அக்கா மட்டும் ஒண்ணு கேக்கச் சொல்றா. நாகவல்லியக் கூப்ட்டு ஒரு வார்த்த கேளு, அன்னிக்கு அவளாவது பந்தப் பாத்தாளான்னு.