சாம்பல் நிறத்தில் ஓர் ஆர்டர்

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. உலகத்தில் நடக்கக்கூடியது எல்லாவற்றையும் நாம் முன்கூட்டியே யோசித்துவிட்டோம் என்ற திமிர். எனக்கும் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அதைத் தன் செலவில் இறக்கி வைத்தது.

எம்.சி.ஏ. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். கம்ப்யூட்டர் இலாகாவே நான் ஒருத்திதான் (பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான்). வேலை வாங்கிக் கொடுத்தவர் சாமு மாமா, என் அம்மாவின் தம்பி. பேரணாம்பட்டில் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த, தோல் பதனிடும் டேனரியில் அவர் கலர் மாஸ்டர். ஷூ வாங்கும் பையர் எந்த நிறத்தைக் காட்டினாலும் அதே நிறத்தில் தோலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார் என்று பெயர். "நிம்மி கெட்டிக்காரி சார், நான் கேரண்டி" என்று ஜி.எம்.மிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். முதலில் தற்காலிகம், தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் என் வேலையோடு மாமாவின் கேரண்டியும் போகும்.

வெளிநாட்டு பையர்களின் கம்ப்யூட்டரிலிருந்து வருவதெல்லாம் நேரே எங்கள் சர்வருக்கு வந்து சேர வேண்டும், படமாக இருந்தால் ஷோரூம் டிவியில் தெரிய வேண்டும், ஆர்டராக இருந்தால் பிளானிங் ஆட்களுக்குப் போக வேண்டும். இதுதான் ஜி.எம். எனக்குக் கொடுத்த வேலை.

சர்வருக்கு வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உள்ளே இருப்பது என்ன வகை என்று ஒரு வரி எழுதியிருக்கும். படம், எக்செல், பி.டி.எஃப். என்று. அந்த வரி சரியில்லை என்றால் பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்து, ஆரம்பத்தில் இருப்பதைப் பார்த்தே வகையைக் கண்டுபிடித்துவிடலாம். கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் சோதனை நடந்த நாட்களில் வந்ததெல்லாம் படங்களாகவே இருந்தன. அதனால், 'எக்செல் என்று எழுதியிருந்தால் ஆர்டர், மற்றதெல்லாம் படம்' என்று புரோகிராம் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

கூடவே இன்னொரு புத்திசாலித்தனம். ஏதாவது படம் திறக்காமல் போனால் டிவியில் எரர் வருமே, பையர் பார்த்தால் மானம் போகுமே என்று, அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் தெரியும்படி செய்தேன். நடுவில் பொடியாக ஒரு கிழிந்த காகிதம். படம் வரவில்லை என்பதற்குக் கம்ப்யூட்டரில் காட்டுவார்களே, அந்த பொம்மை.

பிறகு எனக்கு அம்மை போட்டது. நான் வீட்டில் வேப்பிலையோடு படுத்திருந்தபோது, ஐரோப்பாவிலிருந்து ஒரு புது பையர் தன் முதல் ஆர்டரை அனுப்பினார். அவருடைய சர்வர் பொய் சொல்லவில்லை. 'ஏதோ ஒரு ஃபைல்' என்று மட்டும் மேலே எழுதி அனுப்பியது (அப்படி எழுதவும் விதியில் இடம் இருக்கிறது). ஏதோ ஒன்றா, அப்படியானால் படம்தான் என்று என் சர்வர் முடிவு செய்தது. திறந்து பார்த்தது, திறக்கவில்லை. டிவியில் பையரின் பெயருக்குக் கீழே சாம்பல் கட்டம் வந்து நின்றது.

வேறு ஊராக இருந்தால் டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சதுரமாக ஒரு நிறம் தெரிந்தால் அது தோல்தான்.

"ஷேடு அனுப்பிட்டாங்க" என்றாராம் ஜி.எம். "நடுவுல இன்னாது அது?"

"லோகோ சார்" என்றாராம் டிசைனர். "கிழிஞ்ச பேப்பர். இப்ப அங்கல்லாம் இதான் ஃபேஷன்."

டிவியைப் போட்டோ எடுத்து டேனரிக்கு அனுப்பினார்கள். மாமா எனக்குப் போன் செய்தார். "ஒரு கிரே வந்திருக்குது நிம்மி. வெறும் கிரே இல்ல, உள்ள கொஞ்சூண்டு நீலம் ஓடுது. ஜாஸ்தி போட்டா கறுக்குது, கம்மி பண்ணா வெளுக்குது. ஒரே பேஜாரா கீது."

"விடாத மாமா" என்று படுக்கையிலிருந்து உற்சாகப்படுத்தினேன். (அந்த நீலம் ஷோரூம் டிவியின் கோளாறு.)

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, பையரின் சென்னை ஏஜென்ட் மேடம் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. ஜி.எம். அதைக் கவனிக்காமல் பெருமையோடு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி ஷூ. குதிகால் இரண்டிலும், தனியாக அச்சு செய்து அழுத்தமாகப் பதித்த என் கிழிந்த காகிதம்.

"இது என்ன?" என்றார் மேடம்.

"நீங்க அனுப்பின ஷேடு மேடம்."

"நாங்க ஷேடே அனுப்பலையே. பிரவுன் லோஃபர் ஷூவுக்கு ஆர்டர் அனுப்பினோம். பதிலே இல்ல. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலைன்னா ராணிப்பேட்டையில வேற கம்பெனிக்குப் போயிடும்."

ஜி.எம். மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார். "சாமு, கலர மாத்திட்டியா?"

பாராட்டு கிடைக்கும் என்று சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றிருந்த மாமாவின் முகம் தொங்கிப்போனது. எனக்குத் தாங்கவில்லை.

"சார், அது கலரே இல்ல" என்றேன். "அப்டி தெரிஞ்சா ஒண்ணும் வரலன்னு அர்த்தம்."

"ஒண்ணும் வரலன்னா, அந்த லோகோ?"

"ஒண்ணும் வரலங்கறதுக்குத்தான் சார் அந்த லோகோ."

நான் சர்வருக்கு ஓடினேன். படம் என்று பெயர் சூட்டப்பட்டுக் கிடந்த ஃபைலின் பெயரை எக்செல் என்று மாற்றித் திறந்தேன். பிரவுன் லோஃபர் ஆர்டர் முழுசாக இருந்தது. பிரின்ட் கொடுத்தேன் (பேப்பர் சிக்கியது). ஜி.எம். கையெழுத்துப் போட்டு, சாயந்திரத்துக்கு முன்பே கன்ஃபர்ம் ஆனது. மேடம் கிளம்பும்போது சாம்பல் ஷூவைத் திருப்பிப் பார்த்து, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தற்காலிகத்தை ஜி.எம். இன்னும் கொஞ்ச காலத்துக்கு நீட்டினார். அதற்கே நான் ஜெபம் பண்ணி நன்றி சொன்னேன்.

மாமாவோடு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பேரணாம்பட்டு பஸ் வந்ததும் கேட்டார்.

"அப்ப இல்லாத ஒண்ணுக்கா நான் கலர் கொண்டாந்தேன்?"

"ஆமா மாமா."

பஸ் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். "ஆனா கரெக்டா வந்துச்சுல்ல?"

மிஞ்சிய சாம்பல் தோலைக் கம்பெனி அடிமாட்டு விலைக்குத் தள்ளியது. மாமா மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்த நிறத்தில் ஒரு பெல்ட்டோ பர்ஸோ தொங்கும். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு மாமா போட்டதும் அதே தோலில், அதே அச்சோடு ஒரு ஜோடி ஷூ. சர்ச்சில் ஆல்டர் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் போட்டதும் மாப்பிள்ளையின் குதிகால்கள் சபை முழுவதற்கும் தெரிந்தன. பின் வரிசையில் இருந்த என் எம்.சி.ஏ. தோழிகள் சிரித்த சிரிப்பில் பாஸ்டர் ஆசீர்வாதத்தைப் பாதியில் நிறுத்தினார். முன் வரிசையிலிருந்து ஜி.எம். எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டது வீடியோவில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

அந்தக் குதிகால் படம் எங்கள் ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அதைப் பிரித்துக் காட்டிவிடுவார். "இன்னைக்கு வரைக்கும் இந்தக் கலர வேற எவனும் கொண்டார்ல" என்பார். மறுக்க முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை யாருமே கேட்கவும் இல்லை.