கோட்டை பங்களாக் கல்லில் யார் பெயர்

காஜிமார் தெரு, மதுரை
12—3—1936

கண்ணியம் மிகுந்த மச்சான் சேக் மைதீன் அவர்கள் சமூகத்துக்கு அப்துல் அலீம் சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நானும் என் வீட்டில் சாயிரா பானுவும் சுகம். கோடைக்கானல் குளிரில் உங்கள் மூட்டுவலியும் ஷரீபா அக்காவின் இருமலும் தணிந்திருக்க துஆச் செய்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் அண்ணன் முகம்மது கனி தம் கோட்டை பங்களா வாசலில் சலவைக்கல் பதிக்கப்போவதாகவும், அதில் செதுக்க வீட்டின் வரலாற்றைப் பத்து வரியில் நான் எழுதித்தர வேண்டும் என்றும், "கட்டியவர் முகம்மது கனி" என்பது முதல் வரியாக இருக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜவுளிக்கடை முதலாளியான அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றார், தம்பி பி.ஏ. வரை போனேன், அதனால் இந்தச் சேவகம் எனக்கு. எழுதுகிறேன். ஆனால் நடந்ததைத்தான் எழுதுவேன். அது பத்து வரியில் அடங்காது.

1927இல் அண்ணன் கடைக்குச் சீமைத் துணிப் பேல் ஒன்று, பெருங்கட்டாக, வந்தது. பேல்மேல் ஒட்டி வரும் வர்ணச் சீட்டு உங்களுக்குத் தெரியும். யானை, மயில், ராணி என்று ஏதாவது படம் இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் சரக்கு எடுப்பார்கள்; சீட்டு மாறினால் பேலைப் பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள். இந்தப் பேலில் இருந்தது ஒரு கோட்டை. அண்ணன் அதைத் தண்ணீர் தொட்டு உரித்தெடுத்து, கோடைக்கானலில் வாங்கிப்போட்ட மனையில் இதே சரக்கு வேண்டும் என்றார். உள்ளங்கை அகலச் சீட்டு. உரித்ததில் வலது ஓரம் கிழிந்தும் போயிற்று. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பெருக்கி, மூன்று மாதம் கண் வலிக்க வரைந்து கொடுத்தவன் யார்? நான். அந்த வீட்டில் என் பென்சில் படாமல் ஒரு கல் ஏறவில்லை.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மலைச்சாமிக் கொத்தனாரை அழைத்துப் போனோம். அண்ணன் அவரிடம் சொன்னது ஒன்றுதான். "சீட்டுல உள்ளபடி இருக்கணும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்." அதனால்தான் வலது பக்க வளைவு பாதியில் நிற்கிறது, சீட்டு அங்கேதான் கிழிந்திருந்தது. சீசனுக்கு வரும் துரைமார் அதை ஏதோ பழைய இடிபாடு என்று நினைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அண்ணன் அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். என்னை ஒருவரும் நிற்கச் சொன்னதில்லை.

கோபுரம் எழும்பும்போது மலைச்சாமி என்னிடம் வந்தார். "அண்ணே, மேல ஏற படி எங்கன இருக்கு? படத்துல காணமே."

இங்கிலாந்து ராஜாக்கள் சரித்திரத்தைக் காலேஜில் கரைத்துக் குடித்தவன் நான். கோட்டைகளில் படிக்கட்டு சுவருக்குள் மறைந்திருக்கும், அதனால் படத்தில் தெரியாது என்று பொறுமையாக விளக்கினேன்.

"மறைஞ்சு இருந்தாலும் நாமதானண்ணே கட்டணும்?"

படித்தவனிடம் ஒரு கொத்தனார் கேட்கும் கேள்வியா இது? சீட்டில் உள்ளபடி கட்டும் என்று அனுப்பிவிட்டேன். சாரம் பிரித்த அன்றுதான் கோபுரத்துக்குப் படியே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எழுப்பியவர் கொத்தனார், முழித்துக்கொண்டு நின்றவன் நான்.

திறப்பு விழா அழைப்பில் பந்தல்காரர் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. அண்ணன் என்னைத் தாசில்தாரிடம் காட்டி, "இவன் நம்ம தம்பி. படம் கிடம் வரைவான்" என்றார். படம் கிடமாம், மச்சான். மூன்று மாதம்! பிறகு விருந்தாளிகளுக்கு உச்சியிலிருந்து சலாம் சொல்ல வேண்டுமென்று மூங்கில் ஏணி வைத்து மேலே ஏறினார். ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. தோரணம் கட்ட வந்த சின்னான் ஏணியைப் பின்பக்கம் தூக்கிப் போய்விட்டான். அண்ணன் மேலிருந்து கத்துகிறார். கீழே ஆள் தெரியவில்லை, குரல்தான் வருகிறது. சனங்கள் பிரசங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். "முதலாளி எம்புட்டு உருக்கமாப் பேசுறாரு" என்றார் ஒருவர். எனக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் பிரியாணியை முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் ஏணியைத் தேடப் போனேன். அந்த வீட்டில் நான் வயிறார உண்டது அன்று ஒருநாள்தான். நடுங்கிக்கொண்டு இறங்கியவர் அத்தனை பேர் முன்னிலையில், "படிச்சவன் வரைஞ்ச படம்ல" என்றார். அதன்பின் அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

ஆகவே, "வரைந்து உருவாக்கியவர் அப்துல் அலீம், பி.ஏ." என்பது முதல் வரியாக வரவேண்டும். இல்லையென்றால் கல் வெறுங்கல்லாகவே கிடக்கட்டும். இதில் ஓர் எழுத்தும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் சலாம். பிள்ளைகள் நீடூழி வாழ ஆண்டவன் அருள்வானாக.

தங்கள் அன்பு மைத்துனன்
அப்துல் அலீம், பி.ஏ.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சாயிரா பானு இதை வாங்கிப் படித்தாள். "கல்லுல உங்க பேரு இருந்தா, வர்ற சனமெல்லாம் கோபுரத்தச் சுத்திச் சுத்திப் படியத் தேடிட்டு, வாசலுக்கு வந்து அந்தப் பேரத்தான் பாக்கும். கல்லு எம்புட்டு வருசம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேலே உள்ளதைக் கிழித்துவிடவும். கல்லுக்கான வாசகம் இதுதான்: "இக்கோட்டையை, கோபுரம் உட்பட, முகம்மது கனி அவர்கள் எவர் உதவியுமின்றித் தாமே சிந்தித்து, தம் கையாலேயே வரைந்து கட்டினார்." பத்து வரி வேண்டாம், இது போதும். "கோபுரம் உட்பட" என்பதை மட்டும் பெரிய எழுத்தில், நல்ல ஆழமாகக் கொத்தச் சொல்லுங்கள்.