மோர் கொடுத்த பேஸ்பால் கோச்

மேட்டூர் அணைகூட ஒரு நாள் மனம் இரங்கும். எங்கள் ஊர் லஸ்கர் இரங்கமாட்டார். காவிரிப் பாசனத்தில் அவரைப் போலப் பிடிவாதக்காரர் இன்னொருவர் இல்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

லஸ்கர் என்பது அவர் பெயரல்ல, வேலை. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் இரும்புக் கதவை, அதாவது ஷட்டரை, ஏற்றி இறக்குபவருக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான். தண்ணீர் குறைவான வருடங்களில் வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைப்பார்கள். முறை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார் லஸ்கர். ஒருமுறை அவருடைய மாமியாரே வந்து நின்றார்.

"மாப்ள, நாத்தெல்லாம் வாடுது. ஒரு அரைமணி நேரம் தொறந்து விடுங்க."

"வெயில்ல வந்துருக்கீங்க அத்தே, உக்காருங்க. இந்தாங்க, மோர் குடிங்க. தண்ணி வியாழக்கிழம வரும்."

இப்படிப்பட்டவர் எப்படிப் பேஸ்பால் கோச் ஆனார் என்று கேட்கிறீர்களா? பந்துதான் காரணம். பள்ளி மைதானத்தை ஒட்டித்தான் வாய்க்கால் ஓடுகிறது. எங்கள் பெண் பிள்ளைகள் ஓங்கி அடிக்கும் பந்து தண்ணீரில் விழும். லஸ்கர் நீளக் கழியால் அதை ஒதுக்கி எடுத்துக் கொடுப்பார். சும்மா கொடுக்கமாட்டார். "கால அகட்டி நில்லும்மா", "தலைய ஆட்டாத" என்று ஒவ்வொரு பந்தோடும் ஒரு யோசனை வரும். விளையாட்டு ஆசிரியருக்கு மாற்றல் வந்தபோது மிஞ்சியது இரண்டு மட்டை, ஏழு கையுறை, பதினோரு பிள்ளைகள், ஒரு லஸ்கர். அப்படியே கோச் ஆகிவிட்டார். பந்து வீசுவது என் மகள் கயல். நான் பஞ்சர் கடைக்காரன், பத்தாவது வரை படித்தவன். மைதானத்தில் என் வேலை கைதட்டுவது.

மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோதுதான் குண்டு விழுந்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய கோச் இருந்தால்தான் அணியைச் சேர்ப்பார்களாம். பதினோரு முகமும் தொங்கிப்போயின.

"சான்றிதழ்தானே? வாங்கிட்டாப் போச்சு" என்றார் லஸ்கர்.

பாடமெல்லாம் செல்போனில் வீடியோவாக வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளைகள் ஷட்டர் பாலத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாடம் எடுத்தார்கள்.

"லஸ்கர் சார், டீஹைட்ரேஷன்னா உடம்புல தண்ணி வத்திப்போறது."

"அடியே, முப்பது வருஷமா வாய்க்கால்ல நான் அதத்தான பாக்குறேன்!"

ஒரு பாடம் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. வளரும் பிள்ளை ஓர் ஆட்டத்தில் இத்தனை பந்துதான் வீசலாம், மீறினால் தோள் கெட்டுவிடும் என்று விதி. லஸ்கர் துள்ளி எழுந்தார். "இது முறைப்பாசனம்ல! தோளுக்கும் ஷட்டர் இருக்குன்னு சொல்லுங்க!"

தஞ்சாவூரில் மூன்று நாள் முகாம். துணைக்கு நானும் போனேன். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி: 'ஆட்டத்தின் நடுவே பெற்றோர் கத்தினால் என்ன செய்வீர்கள்?' லஸ்கர் தமிழில் எழுதிவிட்டு வந்தார்: 'உட்கார வைத்து மோர் கொடுப்பேன். வேறு எதுவும் கொடுக்கமாட்டேன்.'

மூன்றாம் நாள் செய்முறைத் தேர்வு. அவரவர் அணியை அழைத்து வந்து இன்னொருவர் அணியோடு ஆட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐம்பது பந்து என்று அறிவித்தார்கள். லஸ்கர் வலது பையில் ஐம்பது புளியங்கொட்டை போட்டுக்கொண்டார். ஒரு பந்துக்கு ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். ஆட்டத்தில் தோற்றவர் தேர்விலும் தோற்றார் என்று யாரோ வேறு கிளப்பிவிட்டிருந்தார்கள்.

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் முன்னால் நிற்கிறோம். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் வெற்றி. கயல் கையைச் சுழற்றப் போனாள். லஸ்கர் எழுந்து இரண்டு கையையும் மேலிருந்து கீழே இறக்கினார், ஷட்டரை இறக்குவது போலவே.

"கயலு, போதும். வாம்மா. செல்வி போடட்டும்."

தேர்வு நடத்திய மேடம் ஓடி வந்தார். "ஏன் மாத்துறீங்க? முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கு."

"அம்பதுங்க மேடம்." காலி வலது பையை வெளியே இழுத்துக் காட்டினார். "ஆட்டத்துக்கு முன்னாடி செவுத்தோரமாப் பன்னெண்டு போட்டுப் பாத்துச்சுங்களே?"

"அது பழகுறதுக்குப் போட்டது. கணக்குல வராது."

"கசிஞ்சு போற தண்ணியும் ஆத்துத் தண்ணிதானுங்க. இது பழகப் போட்ட பந்து, இது ஆட்டத்துல போட்ட பந்துன்னு தோளுக்குத் தெரியுமாங்க?"

"விதிய நீங்க தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. மார்க் குறைப்பேன். இப்பவும் முடிவ மாத்திக்கலாம், பன்னெண்டு பந்து இருக்கு."

"கொறச்சுக்குங்க மேடம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் கத்தினேன். "லஸ்கரே! மேடமே சொல்றாங்கல்ல? பன்னெண்டு பந்து பாக்கி இருக்குய்யா! புள்ளைங்க போட்டி போச்சுய்யா!"

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயல் காதில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் என் மகள் என் முன்னால் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"அப்பா, லஸ்கர் சார் மோர் குடுக்கச் சொன்னாங்க."

மைதானமே சிரித்தது. மேடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

செல்வியின் மூன்றாவது பந்தை அடித்துவிட்டார்கள். இரண்டு பேர் ஓடி வந்து சேர, அவர்களுக்கு இரண்டு ஓட்டம். தோற்றோம். ஊர் திரும்பும் பேருந்தில் லஸ்கரை விட்டு நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அவர் புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பதும் சரியாக இருந்தன.

மறுநாள் காலை கடை திறக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது பார்த்தேன். கயல் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். கை வலிக்கிறதா என்று கேட்டேன். "ஏம்ப்பா வலிக்கணும்?" என்றாள்.

பத்து நாளில் தபால் வந்தது. சான்றிதழேதான்! பதினோரு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் வாய்க்கால் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. கூடவே ஒரு மதிப்பெண் தாள். அதன் அடியில் மேடம் கைப்பட எழுதியிருந்தார்: 'எண்ணிக்கையில் தவறுகிறார். ஆனால் பிள்ளைகள் பக்கமாகத் தவறுகிறார்.'

லஸ்கர் அதைச் சட்டம் போட்டு ஷட்டர் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். தண்ணீர் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

மாவட்டப் போட்டியன்று நானும் போனேன், ஒரு பெரிய தூக்கு நிறைய மோரோடு. கத்துகிற அப்பாக்களுக்கு ஊற்றிக் கொடுக்கத்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே முதல் டம்ளரை நான் குடித்துவிட்டு, லஸ்கருக்குப் பின்னால் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.